ஓடுபவருக்கு எடை எதற்கு?

மெரெந்தாஸ் டேசா என்று பள்ளியில் சொல்வோமே, அந்தக் குறுக்கோட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் மாலையில் திடலைச் சுற்றி ஓடிக் கொண்டிருப்பீர்கள். இன்று ஐந்து சுற்று, அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்த வாரம் பத்து. நெடுந்தூரம் ஓட வேண்டுமானால் நெடுந்தூரம் ஓடித்தான் பழக வேண்டும். இதில் தவறேதும் இல்லை.

ஆனால், "பயிற்சியில் கொஞ்சம் எடையும் தூக்குங்கள்" என்று சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. என்னிடம் படிக்கும் படிவம் நான்கு மாணவி ஒருவர் உடனே கேட்டார்: "எடை தூக்குனா உடம்பு பெருத்திடாதா டீச்சர்? அந்த உடம்பையும் சேர்த்துத் தூக்கிட்டு ஓடணுமே?"

நியாயமான கேள்வி. நெடுந்தூர விளையாட்டாளர்களும் அவர்களுடைய பயிற்றுநர்களும் பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்ற நம் நாட்டு வீரர் ஜி. சரவணனின் படத்தைப் பார்த்தால், பளுதூக்கும் வீரரின் உடலை அங்கே காண முடியாது. நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து வெல்லும் உடல் ஒல்லியாகத்தான் இருக்கும். அப்படியிருக்க, வலிமைப் பயிற்சி இவர்களுக்கு என்ன தரும்?

பின்லாந்தில் நடந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம்.

லீனா பாவோலைனென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு அது. தேர்ந்த குறுக்கோட்ட வீரர்கள் 18 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். 9 வாரங்களுக்கு இரு குழுவினரும் மொத்தத்தில் ஒரே அளவு நேரம்தான் பயிற்சி செய்தார்கள். முதல் குழுவினர் 10 பேர். இவர்களுடைய பயிற்சி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் குறைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் குறுந்தூர விரைவோட்டம், தாவல், கால்களால் எடையை வேகமாகத் தள்ளுதல் ஆகியவை தரப்பட்டன. மற்ற 8 பேருக்கு இத்தகைய பயிற்சி மிகச் சிறிதளவே இருந்தது. அவர்கள் ஓடினார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்பது வாரம் கழித்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். முதல் குழுவின் நேரம் சுமார் 3 விழுக்காடு குறைந்திருந்தது. ஓடிக்கொண்டே இருந்தவர்களின் நேரத்தில் அத்தகைய முன்னேற்றம் இல்லை. 3 விழுக்காடு சிறிய எண்ணாகத் தெரிகிறதா? 20 நிமிட ஓட்டத்தில் அது 36 விநாடி. திடலில் 36 விநாடியில் எத்தனை பேர் உங்களைக் கடந்து போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒருவரின் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு உயிர்வளியைப் (ஆக்சிஜனை) பயன்படுத்த முடியும் என்பதை அளப்பார்கள். நெடுந்தூர வீரரின் 'எஞ்சின்' எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் எண் அது. அந்த எண் முதல் குழுவினருக்கு உயரவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்த இரண்டாம் குழுவினருக்குத்தான் உயர்ந்தது! எஞ்சின் பெரிதானவர்களின் நேரம் குறையவில்லை. எஞ்சின் அப்படியே இருந்தவர்கள் வேகமாக ஓடினார்கள். இது எப்படி?

ஒரே எஞ்சின், குறைந்த பெட்ரோல்

வீட்டு வாசலில் இரண்டு மைவி கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஆண்டில் வாங்கியவை, ஒரே எஞ்சின். ஒன்றின் டயர்களில் காற்று சரியாக இருக்கிறது. மற்றொன்றின் டயர்கள் தொய்ந்து கிடக்கின்றன. இரண்டையும் ஈப்போவுக்கு ஓட்டிச் சென்றால் எது அதிகப் பெட்ரோல் குடிக்கும்? தொய்ந்த டயர் கார்தான். எஞ்சினில் குறை ஒன்றுமில்லை. எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பகுதி டயரை நசுக்குவதிலேயே வீணாகிறது.

ஓட்டக்காரர்களிலும் இப்படி உண்டு. ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் ஒருவர் குறைந்த உயிர்வளியில் ஓடுவார், மற்றவருக்கு அதிகம் தேவைப்படும். இதை ஓட்டச் சிக்கனம் என்று சொல்லலாம். பின்லாந்து வீரர்களிடம் மாறியது இதுதான். வலிமைப் பயிற்சி செய்தவர்களின் சிக்கனம் சுமார் 8 விழுக்காடு கூடியிருந்தது.

சிக்கனம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு முன், ஓட்டம் என்பது உண்மையில் என்ன வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 கிலோமீட்டர் தூரத்தை நீங்கள் 22 நிமிடத்தில் ஓடுகிறீர்கள். நிமிடத்துக்கு 170 அடி எடுத்து வைக்கிறீர்கள். மொத்தம் 3,740 அடி. ஒவ்வொரு காலும் 1,870 முறை தரையில் இறங்குகிறது. ஓடும்போது இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் தரையில் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் முழுச் சுமையும் ஒரே காலின் மீது விழுகிறது. அந்தச் சுமையும் உங்கள் எடை அளவோடு நிற்பதில்லை, இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை போகும். 50 கிலோ எடையுள்ள மாணவரின் ஒற்றைக் கால் 100 முதல் 150 கிலோ வரையிலான சுமையை 1,870 முறை தாங்கி, உடலை மீண்டும் மேலே தள்ளுகிறது.

எடை தூக்க மாட்டேன் என்று சொல்லும் ஓட்டக்காரர், ஓடும்போது தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

காலுக்குள் இருக்கும் சுருள்வில்

குதிங்காலுக்குச் சற்று மேலே பின்பக்கம் விரல்களால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் அக்கிலிஸ் தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிங்கால் எலும்போடு கட்டி வைத்திருப்பது அதுவே. தரையில் கால் பதியும்போது இது இழுபடுகிறது. உடனே சுருங்கி, இழுபட்டபோது சேமித்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. சுருள்வில்லின் வேலைதான்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்நீல் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1987இல் இதற்குக் கணக்குப் போட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் விநாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒவ்வோர் அடியிலும் சுமார் 100 ஜூல் ஆற்றல் கைமாறுகிறது. அதில் ஏறக்குறைய 35 ஜூலை அக்கிலிஸ் தசைநாண் சேமிக்கிறது. பாதத்தின் அடியில் வளைவாக இருக்கிறதே, அந்த வளைவு இன்னும் 17 ஜூலைச் சேமிக்கிறது. பாதிக்கு மேல் சுருள்வில் கணக்கு! இவ்வளவையும் தசைகளே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தால், உங்கள் காலைச் சாப்பாடு முதல் கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும் என்று விளையாட்டாகச் சொல்லலாம்.

இயற்பியல் பாடத்தில் ஹூக் விதியைப் படித்திருப்பீர்கள். ஒரே விசையில் விறைப்பான சுருள்வில் கொஞ்சமாக நீளும், தளர்ந்தது அதிகமாக நீளும். பாதம் தரையில் இருப்பது கால் விநாடி அளவுதான். வேகமாக ஓடினால் அதனினும் குறைவு. (இந்தக் 'கால்' நான்கில் ஒரு பங்கு!) அந்தச் சிறிய இடைவெளிக்குள் வில் இழுபட்டுத் திரும்பவும் வேண்டும். தசைநாண் தளர்ந்திருந்தால் அது நீண்டுகொண்டே போகும். அதன் மறுமுனையைப் பிடித்திருக்கும் தசை அதற்கு ஈடுகொடுக்கத் தானும் அதிகமாகச் சுருங்க வேண்டியிருக்கும். தசை சுருங்குவதற்கு ஆற்றல் செலவாகும், உயிர்வளி செலவாகும். கனமான சுமையைத் தாங்கும் பயிற்சி, வாரக் கணக்கில் தொடர்ந்து செய்யும்போது, தசைநாணை விறைப்பாக்குகிறது. தொய்ந்த டயருக்குக் காற்றடிப்பது போலத்தான்.

கல்யாண வீட்டு மாமாக்கள்

அடுத்த மாற்றம் நரம்புகளில் நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டுக்கு வாருங்கள்.

தட்டு எடுத்து வைக்க, தண்ணீர் கொண்டு வர, வாழையிலை துடைக்க எல்லாம் சிறுவர்கள் போதும். நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்றால்தான் வாசலில் பேசிக்கொண்டிருக்கும் மாமாக்களைக் கூப்பிடுவோம். அவர்களுக்குப் பலம் அதிகம். ஆனால் ஒரு தடவை தூக்கிவிட்டு உட்கார்ந்து விடுவார்கள்.

உங்கள் தசையும் இப்படித்தான் வேலை வாங்குகிறது. தசை இழைகள் சிறிய அணிகளாகவும் பெரிய அணிகளாகவும் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு நரம்பணு தலைமை தாங்குகிறது. விசை குறைவாகத் தேவைப்பட்டால் மூளை சிறிய அணிகளை மட்டும் அழைக்கும். இவை மெதுவானவை, ஆனால் எளிதில் களைக்காதவை. விசை அதிகம் தேவைப்படும்போதுதான் பெரிய, வேகமான, சீக்கிரம் களைக்கும் அணிகளுக்கு அழைப்புப் போகும். சிறியது முதலில், பெரியது பிறகு என்ற இந்த வரிசையை அமெரிக்காவின் எல்வுட் ஹென்னமன் கண்டறிந்து விளக்கினார்.

மெதுவாக நெடுந்தூரம் ஓடும் பயிற்சியில் பெரும்பாலும் சிறுவர்களுக்குத்தான் வேலை. மாமாக்கள் வாசலிலேயே இருக்கிறார்கள். போட்டியின் கடைசி 400 மீட்டரில் சிறுவர்கள் களைத்துப் போனபின் திடீரென்று அவர்களைக் கூப்பிட்டால், எழுந்து வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். கனமான சுமையைத் தூக்கும் பயிற்சி பெரிய அணிகளை அடிக்கடி அழைத்துப் பழக்குகிறது. அதோடு தசையின் மொத்த வலிமை கூடும்போது, ஒவ்வோர் அடிக்கும் தேவைப்படும் விசை அந்த வலிமையில் சிறிய பங்காகிவிடுகிறது. சிறிய அணிகளே நீண்ட நேரம் சமாளிக்கும், பெரிய அணிகள் கடைசிவரை மிச்சமிருக்கும்.

நார்வேயில் ரோனஸ்டாட் என்பவரின் குழு மிதிவண்டி வீரர்களிடம் செய்த ஆய்வு இதற்குப் பொருத்தமான சான்று. மிதிவண்டி ஓட்டுபவரின் கால் தரையில் மோதுவதே இல்லை. ஆகவே தசைநாண் வில்லுக்கு இங்கே பெரிய பங்கில்லை. வீரர்களை 185 நிமிடங்கள், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல், நிதானமாக ஓட்டச் சொல்லிவிட்டு, உடனே 5 நிமிடம் முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார்கள். 12 வாரம் வலிமைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் அந்தக் கடைசி 5 நிமிடத்தில் முன்பைவிடச் சுமார் 7 விழுக்காடு அதிகத் திறனை வெளிப்படுத்தினார்கள். மிதிவண்டிப் பயிற்சி மட்டும் செய்தவர்களிடம் முன்னேற்றம் இல்லை.

நூறு தோப்புக்கரணம் போதுமா?

"அப்படியானால் நான் தினமும் நூறு தோப்புக்கரணம் போடுகிறேன்" என்று ஒருவர் கிளம்பலாம். பிள்ளையார் மகிழ்ச்சி அடைவார். ஆனால் நாம் தேடும் பலன் முழுமையாகக் கிடைக்காது.

நூறு முறை செய்ய முடிகிற ஒன்று உங்களுக்கு இலேசான வேலை. நூறு தட்டுகளைச் சுமக்கச் சிறுவர்களே போதும். பெரிய அணிகள் களைப்பு ஏறிய கடைசி நேரத்தில்தான் எட்டிப் பார்க்கும். நார்வேயில் 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் பாதி குந்தி எழும் பயிற்சியைத் தோளில் எடையோடு செய்தார்கள். ஒரு தடவைக்கு நான்கே முறை, இப்படி நான்கு தடவை. ஐந்தாவது முறை எழ முடியாத அளவுக்குக் கனம். வாரத்துக்கு மூன்று நாள், 8 வாரம். ஓட்டச் சிக்கனம் 5 விழுக்காடு கூடியது. அவர்களின் உடல் எடை கூடவில்லை.

இந்த வரியை அந்தப் படிவம் நான்கு மாணவிக்காகவே எழுதுகிறேன். உடல் எடை கூடவில்லை.

ஏன் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ராபர்ட் ஹிக்சன் பளுதூக்குவதில் ஆர்வமுள்ள இளம் விஞ்ஞானி. ஜான் ஹோலோசி என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பேராசிரியருக்கு ஓடுவதில் ஆர்வம். ஹிக்சனும் அவரோடு ஓடத் தொடங்கினார். எடை தூக்குவதை விடவில்லை, ஆனாலும் தம் தசைகள் இளைத்து வருவதைக் கவனித்தார். பிறகு இதையே ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார். எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் வலிமை 10 வாரமும் கூடிக்கொண்டே போனது. எடை, ஓட்டம், மிதிவண்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கடுமையாகச் செய்தவர்களின் வலிமை ஏழெட்டு வாரம் வரை கூடி, அப்புறம் இறங்கத் தொடங்கியது. அவர்களுடைய தாங்குதிறன் மட்டும் குறையவே இல்லை.

பளுதூக்குபவருக்கு இது கெட்ட செய்தி. நெடுந்தூரம் ஓடுபவருக்கோ நல்ல செய்தி. ஆற்றல் தீர்ந்துகொண்டிருக்கும் செல், 'இப்போது புதிய கட்டடம் வேண்டாம்' என்று தசை வளர்ச்சிக்குத் தடை போடுகிறது என்பது அறிவியலாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. எப்படியிருந்தாலும், வாரத்தில் ஐந்து நாள் ஓடும் ஒருவர் இரண்டு நாள் எடை தூக்கியதால் பயில்வானாகிவிட மாட்டார்.

எடையே தொடாமல் வலிமை சேர்த்தவர்களும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலகச் சாதனையோடு தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட், பெர்சி செருட்டி என்ற பயிற்றுநரிடம் எடையும் தூக்கினார், கடற்கரை மணல்மேடுகளிலும் ஏறி ஓடினார். அதே ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் வென்றார்கள். இவர்களின் பயிற்றுநர் ஆர்தர் லிடியர்ட், எடைக்குப் பதிலாக மேட்டில் தாவித் தாவி ஏறும் பயிற்சியைக் கொடுத்தார். மேட்டில் தாவும்போதும் காலுக்குச் சுமை கூடத்தானே செய்கிறது?

உங்கள் கால்களுக்கு

உங்கள் வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு நசுங்கிவிடும் என்ற பயம் அது. முறையாகக் கற்று, மேற்பார்வையில் செய்யும் பயிற்சி வளர்ச்சியை நிறுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை. விபத்துகள் வருவது, நண்பர்களுக்கு முன் பந்தயம் கட்டி, பழகாத பெரிய எடையைத் தூக்கும்போதுதான். உலகச் சுகாதார நிறுவனமே 5 முதல் 17 வயது வரையிலானவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

காயம் குறையும் என்பதற்கும் சான்று உண்டு. 2014இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 26,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 25 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் வலிமைப் பயிற்சி செய்தவர்களிடையே காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தன. வெறும் நீட்சிப் பயிற்சியால் அத்தகைய பலன் இல்லை. அந்தத் தொகுப்பில் இருந்தவர்கள் பலவகை விளையாட்டாளர்கள் என்பதால், நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் அதே எண் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் முழங்காலும் முன்கால் எலும்பும் வலித்து, போட்டிக்கு முன்பே ஒதுங்கிவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்ப்பவள் என்ற முறையில், முயன்று பார்க்க இதுவே போதிய காரணம் என்பேன்.

ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. சாதாரண நாற்காலியில் உட்காருங்கள். ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, மறுகாலால் மட்டும் எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். தோப்புக்கரணத்தில் இரண்டு கால்களும் பங்கிட்டுக்கொண்ட சுமையை இப்போது ஒரே கால் சுமக்கிறது. பலருக்கு ஐந்தாறு முறைக்கு மேல் முடியாது. முதல் தடவை சுவரையோ மேசையையோ பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்தின் திசையிலேயே இருக்கட்டும். இது எளிதானதும், புத்தகம் நிறைந்த பள்ளிப் பையை மாட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பையின் கனத்துக்கு இப்படியாவது ஒரு பயன் இருக்கட்டும்.

அடுத்து, படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, ஒற்றைக் காலில் குதிங்காலை மேலே உயர்த்தி இறக்குங்கள். அக்கிலிஸ் தசைநாணுக்கு இது நேரடிப் பயிற்சி. பிறகு கயிறு தாண்டுதல், குதிங்கால் தரையில் படாமல், அரை நிமிடம், ஓய்வு, மீண்டும் அரை நிமிடம். மொத்தம் இருபது நிமிடம், வாரத்தில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. எடைக்கம்பியைத் தொட விரும்புபவர்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே வலி இருக்கிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். ஒல்லியாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்று எண்ணி, ஓட்டத்தைக் கூட்டிச் சோற்றைக் குறைக்கும் மாணவிகளின் எலும்புகள் பலவீனமாகும். மாதவிலக்கு நின்று போனால் அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அம்மாவிடமோ ஆசிரியையிடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும், ஓட்டம்கூடக் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். நரம்புகள் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாண் இறுகுவதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். பின்லாந்து வீரர்களுக்கு 9 வாரம், நார்வே ஓட்டக்காரர்களுக்கு 8 வாரம் ஆனதை நினைவில் வையுங்கள். ஆகவே போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். நாள்காட்டியில் போட்டி நாளிலிருந்து பின்னோக்கிப் பத்து வாரம் எண்ணுங்கள், அங்கே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் நாற்காலிப் பயிற்சியை நிறுத்திவிட்டு, கயிறு தாண்டுவதை மட்டும் சிறிதளவு வைத்துக்கொண்டால் போதும்.